நடுவழியில் இருந்த ஊர்

புஜ் நகரத்து ஹமீர்சர் ஏரி நிரம்பி வழிந்தால் அன்றைக்கு அந்த ஊருக்கு விடுமுறை. மாவட்ட ஆட்சியர் முறைப்படி அறிவிப்பார். மன்னர் காலத்திலிருந்து வருகிற மரியாதை அது. ஏரிக்குப் பூசை நடக்கும். மேக்லாடு என்று ஓர் இனிப்பைச் செய்து பங்கிட்டுத் தின்பார்கள். எல்லா ஆண்டும் வாய்க்கிற நாள் அல்ல. அந்தச் செய்தி எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி முலுண்டுக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் கட்ச்காரர், எடை போடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் வழிகிற காட்சியைக் கைப்பேசியில் வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவார். முலுண்டிலேயே பிறந்து முலுண்டிலேயே தலை நரைத்தவர். ராமநாதபுரத்துக்காரனான எனக்கு அந்தச் சந்தோஷத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்மாய் மறுகால் போகிறது என்று கமுதியிலிருந்து போன் வந்தால், எங்கள் வீட்டிலும் அன்று யாரும் யாரையும் திட்டுவதில்லை.

முலுண்ட் மும்பையின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் தாணே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை, மும்பைக்குள் நுழைகிற சரக்குக்கு மாநகராட்சி ஆக்ட்ராய் வசூலித்த சாவடிகளில் ஒன்று எங்கள் செக்நாக்காவில் இருந்தது. இரவெல்லாம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையை நம்பி டீக்கடைகளும் பஞ்சர் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. கார்களுக்கான சுங்கமும் 2024 அக்டோபரில் போயிற்று. ஓர் எல்லை எப்படி ஒரு கூட்டத்துக்குச் சோறு போடுகிறது, இன்னொரு கூட்டத்தை எப்படிக் காக்கவைக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் முலுண்ட்வாசிகள்.

இங்கே வந்து சேர்ந்தவர்கள் பல திசையினர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி, பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் ரயில் தடத்தோடு வடக்கே நகர்ந்து வந்த தமிழர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்களுக்கு முன்பே கட்ச்காரர்கள் இருந்தார்கள். லோகாணாக்கள், பானுசாலிகள், ஓஸ்வால் ஜைனர்கள். தானியம், பருப்பு, இரும்பு, மரம் என்று எதைத் தொட்டாலும் வியாபாரம். மலையடிவாரத்தில் முலுண்ட் காலனி. பிரிவினைக்குப் பிறகு சிந்துவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த அகதிகளுக்காக அமைந்த குடியிருப்பு. செம்பூர் கேம்பும் உல்லாஸ்நகரும் உருவான அதே காலம், அதே துயரம்.

வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இது புரியும். கட்ச் தெற்கே, சிந்து வடக்கே. இரண்டுக்கும் நடுவில் ரண் என்ற உப்புவெளி. கச்சி மொழியும் சிந்தி மொழியும் அக்காள் தங்கை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். ஒரு பாலைவனத்தின் இரண்டு கரையும் முலுண்ட் மேற்கில் நாலு தெரு தள்ளி எதிரெதிரே குடியிருக்கின்றன. நடுவில் நாங்கள். ஒரு கரையில் துவரம்பருப்பும் மறு கரையில் துணியும் வாங்கிக்கொண்டிருந்தோம். அவர்களுடைய பேச்சில் இரு பக்கமும் காதில் விழுந்த ஓர் ஊர்ப்பெயர் உண்டு: காவ்டா. கடைக்காரரின் தாத்தா அங்கே கடை வைத்திருந்தாராம். காலனியில் துணி விற்ற முதியவரின் தகப்பனார், அக்கரையில் டிப்லோ என்ற ஊரிலிருந்து அந்தச் சந்தைக்கு நெய் கொண்டுபோனவராம். அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இப்படித்தான் வந்தது.

தாதரில் சயாஜிநகரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் புஜ். அங்கிருந்து வடக்கே எழுபது கிலோமீட்டர். வழியில் கடகரேகை குறுக்கிடுகிறது. ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பிரண்டியாரா என்ற சிற்றூரில் சாலை பிரிகிறது. அங்கே கொட்டகைகளில் அகலச் சட்டி வைத்து எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி மாவா விற்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பி, ரண் உற்சவம் நடக்கும் தோர்தோவுக்கு, வெண்பாலையும் கூடாரங்களும் பார்க்கப் போய்விடுகின்றன. நேராகப் போகிற சாலைதான் காவ்டாவுக்கு.

காவ்டா இருப்பது ஒரு தீவில். பச்சம் என்று பெயர். மழைக்காலத்தில் கடல்நீரும் மழைநீரும் ரணில் ஏறி நின்றால், பச்சமும் கிழக்கே கதீரும் மெய்யாகவே தீவுகளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நீர் வற்றி உப்பு படியும். கடைத்தெரு நீளமானது அல்ல. இரும்புச் சாமான், கயிறு, தகர வாளி, மாட்டுத் தீவனம், பீங்கான், செருப்பு, தையல் கடை, டீக்கடை. இனிப்புக் கடையில் நெய் வடிகிற மேசுக். நம் மைசூர்பாகுக்குப் பங்காளி என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். டீயைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். ஆண்களின் தோளில் கருநீலமும் கருஞ்சிவப்புமாக அஜ்ரக் துண்டு. சுற்றியிருக்கிற பன்னி புல்வெளியிலிருந்தும் பச்சத்துக் கிராமங்களிலிருந்தும் மால்தாரிகள், அதாவது மாடு வளர்ப்போர், வந்து சாமான் வாங்கிப் போகிறார்கள். ஜாட், முத்வா, ஹாலேபோத்ரா, சம்மா, நோடே என்று பல குலத்தவர். பெரும்பாலும் முஸ்லிம்கள். கல்லாவில் பல இடங்களில் லோகாணாக்கள். கடன் கணக்கு நோட்டில் ஓடுகிறது. பால் பணம் வந்ததும் தீர்கிறது. எனக்குத் தெரிந்த கமுதிச் சந்தையின் நாணயம்தான் இங்கேயும்.

ஒரு சந்தையைப் பார்த்தால் அது எந்தத் திசையை நம்பிப் பிறந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. தெற்கே புஜ் இருக்கும்போது, எழுபது கிலோமீட்டர் தள்ளி, சதுப்பின் விளிம்பில், யாருக்காக ஒரு கடைத்தெரு? பதில் வடக்கே இருந்தது. ரணின் அக்கரையில் வடமேற்காக ரஹீம் கி பாஜார் என்று ஓர் ஊர். பெயரிலேயே கடைத்தெருவை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் அப்பால் டிப்லோ, மித்தி, இஸ்லாம்கோட். ஒட்டகங்களில் நெய்யும் தானியமும் போகும், வரும். கட்சின் சாப்பாட்டில் சிந்துவின் சிவப்பரிசிக்கு ஓர் இடம் இருந்தது. பகலில் வெயிலும் உப்பின் கண்கூச்சமும் கானலும் வழியைக் கெடுத்துவிடும் என்பதால், விண்மீனைப் பார்த்து இரவில் கடப்பார்கள். சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளோடு சுரம் கடந்த உமணர்களை நாம் படித்திருக்கிறோம். அவர்களுடைய தொழிலை அண்மைக்காலம் வரை இந்தப் பக்கத்தில் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குக் காவ்டா ஒரு முனை அல்ல. நடுவழி.

வடக்கு என்பது இங்கே நிலையான திசையும் அல்ல. 1819 ஜூன் 16 அன்று வந்த நிலநடுக்கத்தில் ரணின் வடமேற்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஒரு மண்மேடு எழுந்தது. மனிதர் கட்டாத கரை என்பதால் அல்லா பந்த் என்றார்கள். சிந்து நதியின் கீழ்க்கிளை ஒன்றை அது மறித்தது. சிந்திரி என்ற கோட்டையும் சுற்றுநிலமும் அமிழ்ந்து நீர்ப்பரப்பாயின. ஆற்றுநீரில் நெல் விளைந்த லக்பத் பக்கத்து வயல்கள் உவர்ந்தன. அந்த லக்பத்தின் கோட்டைச் சுவர் மட்டும் ஏழு கிலோமீட்டர். உள்ளே இப்போது சில குடும்பங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியைப் பார்த்தவர்களுக்கு லக்பத் புதிய காட்சியாக இருக்காது. ஆனால் ஊர்களை நிலநடுக்கமும் புயலும் அழித்தால் ஜனங்கள் எப்படியோ ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். காவ்டாவுக்கு நேர்ந்தது வேறு வகை. அதன் வழியை மறித்தது ஓர் எல்லைக்கோடு.

அந்தக் கோட்டின் கதையில் பம்பாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதை முலுண்ட்காரன் சொல்லாமல் இருக்கக்கூடாது. 1936 ஏப்ரல் 1 வரை சிந்து பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. டிப்லோவின் வரியும் வழக்கும் பம்பாய்த் தலைமைச் செயலகத்தின் கீழ்தான். கட்ச் தனி சமஸ்தானம். கோரி என்ற தன் சொந்த நாணயத்தை 1948 வரை வைத்திருந்தது. ஆக அன்றைய எல்லை பம்பாய் அரசுக்கும் கட்ச் ராவ் மன்னருக்கும் இடையிலானது. மேற்குக் கோடியில் சர் கிரீக் கழியை ஒட்டி எழுந்த தகராறில் 1914இல் பம்பாய் அரசு ஒரு தீர்மானம் போட்டது. இன்றும் இந்தியாவும் பாகிஸ்தானும் அந்தத் தீர்மானத்தையும் அதன் வரைபடத்தையும் வைத்துத்தான் வாதாடுகின்றன. கோடு கழியின் நடுவிலா, கரையிலா என்று முடிவாகவில்லை. அங்கே வலை போடுகிற மீனவன் சிறைக்குப் போகிறான். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இந்த வாக்கியத்தை நான் விரிக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பரிலிருந்து 1960 மே வரை கட்ச் பம்பாய் மாநிலத்தில் ஒரு மாவட்டம். அந்த மூன்றரை ஆண்டு காவ்டாவும் முலுண்டும் ஒரே மாநிலத்தில் இருந்தன.

1947இல் கோடு விழுந்தது. ஆனால் மனிதரும் மாடும் போவது அன்றே நின்றுவிடவில்லை, அறுபத்தைந்துக்குப் பிறகுதான் அடியோடு நின்றது என்று டீக்கடையில் பெரியவர்கள் சொல்கிறார்கள். 1965 ஏப்ரலில் ரணில் சண்டை மூண்டது. ஏப்ரல் 9 அன்று சர்தார் சாவடியில் மத்திய ரிசர்வ் போலீசார் பாகிஸ்தான் படையை எதிர்த்து நின்றார்கள். அந்த நாளை இன்றும் தங்கள் வீரத்தின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஜூன் கடைசியில் பிரிட்டன் முயற்சியில் போர்நிறுத்தம். பிறகு வழக்கு ஒரு சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. சுவீடன் நாட்டு நீதிபதி குன்னார் லாகர்கிரென் தலைவர். இந்தியா முன்மொழிந்தவர் யூகோஸ்லாவியர், பாகிஸ்தான் முன்மொழிந்தவர் ஈரானியர்.

அந்த வழக்கின் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பாகிஸ்தான் சொன்னது: ரண் என்பது நிலம் சூழ்ந்த கடல் போன்றது, ஆகவே கோடு அதன் நடுவில் ஓடவேண்டும். இந்தியா சொன்னது: அது சதுப்பு நிலம், முழுக்கக் கட்சுடையது. கற்றவர்கள் கூடி, ஆண்டில் பாதி நீராகவும் பாதி நிலமாகவும் இருக்கிற ஒன்றை எதுவென்று தீர்மானிக்கப் பல்லாயிரம் பக்கம் ஆவணம் படித்தார்கள். 1968 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு. ரணின் பெரும்பகுதி இந்தியாவுக்கு. பாகிஸ்தான் கேட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சுமார் 900 சதுர கிலோமீட்டர், அதற்கு. தாரா பன்னி, சட் பேட் என்ற மேட்டு மேய்ச்சல் நிலங்கள் அக்கரைக்குப் போயின. அங்கே யாருடைய மாடு மேய்ந்தது, மேய்ப்பவர்களுக்குள் சண்டை வந்தால் யாருடைய போலீஸ் வந்தது என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் சாட்சியமாக எடைபோடப்பட்டன. நிலத்தை உண்மையில் வைத்திருப்பது யார் என்று கேட்டால் கடைசியில் மேய்ப்பனிடம்தான் போகவேண்டியிருக்கிறது. ஆனால் கோடு போட்ட பிறகு அவனை அதைத் தாண்டவிடவில்லை. இந்தியாவில் தீர்ப்பை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்தது, வழக்கும் நடந்தது. இது நிலத்தை விட்டுக்கொடுப்பது அல்ல, எல்லைத் தகராறைத் தீர்ப்பது, அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1969இல் கூறியது. ஐந்து ஆண்டு கழித்து 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் வந்தது. தமிழ்நாட்டில் இன்றுவரை ஓயாத அந்த விவாதத்தை நடத்துகிறவர்கள் ரண் தீர்ப்பையும் ஒருமுறை ஊன்றிப் படிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1971 போரில் இந்தியப் படை சிந்துவின் தார்பார்க்கருக்குள் போயிற்று. நகர்பார்க்கரும் சாச்ரோவும் சில காலம் இந்தியா வசம் இருந்தன. சிம்லா ஒப்பந்தப்படி படை திரும்பியது. ஆனால் கூடவே வந்த சோடா ராஜபுத்திரர்களும் மேக்வால்களும் திரும்பவில்லை. கட்சில் ஜூரா, சும்ராசர் பக்கங்களில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைந்தது. துணியின் மறுபக்கமிருந்து இழை எண்ணித் தைக்கும் சூஃப் வேலைப்பாட்டை அந்தப் பெண்கள் கையில் கொண்டுவந்தார்கள். சோடாக்கள் தங்கள் குலத்துக்குள் பெண் எடுப்பதில்லை. தார்பார்க்கரிலோ ராஜபுத்திரர் என்றால் அநேகமாக எல்லோரும் சோடாக்கள். ஆகவே எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் இப்பக்கம்தான் சம்பந்தம் தேடவேண்டும். கல்யாணத்துக்கு முகூர்த்தத்தோடு விசாவும் கூடிவரவேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி பார்க்காமலே கண்மூடிய தாய்மார் இரண்டு கரையிலும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் நம் பக்கத்துக்கும் பெண் கொடுத்து எடுத்தவர்களின் வீட்டில் இதே மௌனத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சிந்தி அகதிகளுக்காகவே கட்சில் ஒரு நகரம் எழுந்தது: காந்திதாம். பாய் பிரதாப் முன்னின்றார். கட்ச் மகாராவ் நிலம் கொடுத்தார். அருகே கண்ட்லா துறைமுகம். கராச்சி கைவிட்டுப் போனதை ஈடுகட்டத் தோன்றியவை இவை. சரக்கின் போக்கு மொத்தமாகத் தெற்கே திரும்பியது. காவ்டா ஓர் ஓரமாயிற்று.

எல்லாமே நின்றுவிட்டது என்று எழுதினால் அது பொய். பன்னியில் இன்னும் ஷா அப்துல் லதீஃபின் பாடல்களை இரவில் கூடிப் பாடுகிறார்கள். 1752இல் சிந்துவின் பிட் என்ற ஊரில் அடங்கிய சூஃபிக் கவிஞர் அவர். பாட்டுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படவில்லை. ஜூராவிலும் நிரோணாவிலும் கொல்லர்கள் செம்பு பூசிய மாட்டுமணிகள் செய்கிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு நாதம். தட்டித் தட்டிச் சரிசெய்கிறார்கள். வெட்டவெளியில் தன் மாடு எது, அடுத்தவன் மாடு எது என்று மால்தாரி காதாலேயே அறிவதற்காக. அஜ்ரக் துணியின் கைவேலை இதைவிடப் பெரிது. கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, படிகாரமும் சுண்ணாம்பும் பிசினும் வைத்து அச்சு ஒற்றி, அவுரி நீலத்தில் தோய்த்து, மஞ்சிட்டியோ அலிசரினோ வைத்துச் சிவப்பேற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் அலசி உலர்த்தவேண்டும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் குழைக்கிறார்கள். தமடகா என்ற ஊர்தான் இதற்குப் பேர்போனது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே தண்ணீரில் இரும்புச் சத்து கூடி, சாயம் சரியாகப் பிடிக்காமல் போனதால், இந்தத் தொழில் செய்யும் பல கத்ரி குடும்பங்கள் புஜ் அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்தன. ஆதியில் இந்தத் துணியை உடுத்தியவர்கள் பன்னியின் மேய்ப்பர்கள். இன்று டெல்லியிலும் சென்னையிலும் அஜ்ரக் புடவை கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பன்னி எருமையைப் பற்றிச் சொல்லாமல் தாண்டமுடியாது. இரவில் தானாகவே மேயப் போகும். மேய்ப்பன் கூடப்போவதில்லை. விடியலில் பால் கறக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடும். 2010இல்தான் இதை நாட்டின் பதினோராவது எருமையினமாக அரசு அங்கீகரித்தது. அதற்கு முன் பல தலைமுறையாக மால்தாரிகள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உருவாக்கிய இனம். இங்கே முன்பு காங்ரேஜ் பசுக்கள்தான் அதிகம். அவை குறைந்து எருமை பெருகியதற்குக் காரணம் ஒரு மரம்.

அந்த மரத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. பிரண்டியாரா தாண்டியதுமே சாலையின் இருபுறமும் அதுதான். இங்கே காண்டா பாவள் என்கிறார்கள். எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலம். 1961 வாக்கில் உப்பு பரவுவதைத் தடுக்க என்று வனத்துறை பன்னியில் முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் விதைத்தது. மரம் அதற்கு விட்ட எல்லையில் நிற்கவில்லை. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் புல்வெளியில் பெரும்பகுதியை மூடிவிட்டது. காய்களைத் தின்ற பசுக்கள் நோயுற்றன, எருமைகள் தாக்குப்பிடித்தன. புல் போன இடத்தில் கரிமூட்டம் வந்தது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் புகை எழுகிற கரிமூட்டங்களை அறிந்தவர்களுக்கு அந்த வாசனை போதும், ஊர் வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். 2017இல் மதுரைக் கிளை நீதிமன்றம் அந்த மரங்களை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரில் இரண்டு கட்சி. மரம் கெட்டது என்று ஒரு கட்சி. அதை வெட்டித்தானே சாப்பிடுகிறோம் என்று இன்னொரு கட்சி. பன்னியிலும் அப்படியே. இரண்டு பேரும் நியாயத்தைத்தான் பேசுகிறார்கள். அவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த வாதத்தில் இல்லை.

இப்போது மூன்றாவது அலை. காவ்டாவுக்கு வடக்கே 72,600 ஹெக்டேரில் சூரிய, காற்று மின்பூங்கா எழுகிறது. 2020 டிசம்பரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். இலக்கு முப்பதாயிரம் மெகாவாட். இதிலும் கமுதி எனக்கு முன்னால் வந்து நின்றது. 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகத்திலேயே பெரியது என்றார்கள். கமுதியில் கட்டிய அதானி குழுமமே காவ்டாவிலும் பெரும்பகுதியைக் கட்டுகிறது. முதலில் அதே மரம், பிறகு அதே கண்ணாடிப் பலகை. இரண்டு வறண்ட நிலமும் ஒரே வரிசையில் ஒரே விதியைப் பெற்றிருக்கின்றன.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நிலக்கரிப் புகையைக் குறைக்க இது தேவை. எல்லைக் காவலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்தார் சாவடியில் மாண்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். கோடு போட்டவர்களும் விதை தூவியவர்களும் பலகை நிறுத்தியவர்களும் இந்த நிலத்தைப் பற்றி ஒரே எண்ணத்தோடுதான் தொடங்கியிருக்கிறார்கள்: அங்கே யாரும் இல்லை. அரசுக் கணக்கில் தரிசு, சுற்றுலா விளம்பரத்தில் எல்லையற்ற வெறுமை. கிழக்கே கதீர் தீவில் ஐயாயிரம் ஆண்டுக்கு முன் எழத் தொடங்கிய தோலாவிரா நகரம், ஓடை வெள்ளத்தைத் திருப்பி, கல்லில் குடைந்தும் கட்டியும் நீர்த்தேக்கங்கள் அமைத்துக்கொண்டது. 2021இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக்கியது. அப்போதும் இங்கே ஆள் இருந்தது. விலை கேட்கவும் கடன் சொல்லவும் வழக்குப் பேசவும் மனிதர் கூடுகிற ஒரு சந்தை இருக்கும்போது, அந்த நிலத்தைக் காலி என்று எப்படி எழுத முடிகிறது? வறட்சி என்பது மனிதர் இல்லாமை அல்ல. ராமநாதபுரத்தில் பிறந்தவன் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

காவ்டாவின் பின்னால் காலா டுங்கர் மலை. சுமார் 460 மீட்டர். கட்சில் இதுவே உயரம். மேலே தத்தாத்ரேயர் கோயில். பூசை முடிந்ததும் பூசாரி சோற்றைக் கொண்டுபோய் மேடையில் வைத்துக் கூப்பிட, நரிகள் வந்து தின்கின்றன. பசித்த நரிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாதபோது தன் உடலையே தந்த ஒரு முனிவரின் கதையைச் சொல்கிறார்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால் வெண்மை தவிர ஒன்றும் இல்லை. கீழே இந்தியா பாலம். அதற்கு அப்பால் அனுமதி இல்லாமல் போகமுடியாது. பக்கத்தில் நின்ற காவ்டாக்காரர் ஒருவர் விரலை நீட்டி, அந்த வெண்மைக்குள் ஒவ்வொரு திட்டுக்கும் மேட்டுக்கும் பெயர் சொன்னார். அவர் அங்கே போனதில்லை. தகப்பனார் சொல்லிக்கொடுத்தது.

கடைத்தெருவுக்கு இறங்கி வந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். ரோட்டோரத்தில் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லர்கள் நின்றன. ஒரு டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார்.

"ஏனுங்ணா, தமிழுங்களா?"

நாமக்கல், மோகனூர் பக்கம். இறக்குவதற்கு முறை வரவில்லை, நிற்கிறோம் என்றார். கூட வந்த பையனுக்கு ரொட்டி தின்று வயிறு சரியில்லையாம். "சோறு ஆக்கிப் போட்டாத்தானுங்க வண்டி நகரும். அந்தக் கடையில அரிசி இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்ணா. நம்ம இந்தி அவுங்களுக்குப் புரிய மாட்டேங்குது."

கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் மூட்டையோடு வந்தார். புழுங்கல் அரிசி. இந்த ஒரு வருசமாக நிறைய மதராசி வண்டிகள் வருகின்றன, காந்திதாமிலிருந்து வரவழைக்கிறேன் என்றார். டிரைவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத் தலையசைத்தார். துவரம்பருப்புக்கு நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரரின் கை அந்தச் சாக்குக்குள் போய்விட்டது.

"புளி இருக்குதான்னு கேளுங்ணா."

இல்லை. எவ்வளவு தேவைப்படும், கொட்டை எடுத்ததா எடுக்காததா, மற்ற வண்டிக்காரர்களும் வாங்குவார்களா என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு கடன் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில், சரக்கு எடுக்க அடுத்த முறை போகும்போது வாங்கவேண்டியவற்றின் கீழே, குஜராத்தியில் எழுதிக்கொண்டார்.